மடிப்புக்காரரின் ஒரே ரெக்கார்டு

மடிப்புக்காரர் வீட்டைவிட்டுப் போனதற்குக் கஞ்சாதான் காரணம் என்று சொல்கிறவர்கள் முதலில் வாயைக் கழுவிக்கொண்டு வரட்டும். அந்த மனிதர் சிகரெட்டைக்கூடத் தொட்டதில்லை. பட்டறை வாசலில் எல்லோரும் கும்பலாக நின்று புகை விடும்போது இவர் மட்டும் தள்ளி நின்று டீயை ஆற்றிக்கொண்டிருப்பார். போதைக்காரன் கையில் எந்த முதலாளியாவது மடிப்பு மிஷினைக் கொடுப்பானா? அந்த மிஷினில் நின்ற மற்றவர்களைப் பாருங்கள், கையில் ஒன்று குறையும், இல்லை அரை குறையும். இவர் பத்து விரலோடு போய்ப் பத்து விரலோடு திரும்பியவர். இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்.

வேறொரு பெண்ணோடு போய்விட்டார் என்பது இரண்டாவது கதை. ஒரே ஒரு ரெக்கார்டை வைத்துக்கொண்டு இருபது வருஷத்துக்கு மேல் அதையே கேட்ட ஆள் அவர். பாட்டையே மாற்றாதவர் பெண்டாட்டியை மாற்றப் போகிறாரா. சொல்கிற பொய்யைக் கொஞ்சம் ஆளுக்குத் தகுந்தமாதிரியாவது சொல்ல வேண்டாமா?

மூன்றாவது, பெண்டாட்டி துரத்திவிட்டாள் என்பது. கண்ணும் மூக்கும் வைத்து இதைச் சொல்கிறவர்கள் அந்த வீட்டுக் கதவை வெளியிலிருந்து மட்டுமே பார்த்தவர்கள். உள்ளே நடந்தது என்ன என்று முதலிலிருந்து கேட்டால்தான் விளங்கும். பொறுமை இல்லாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம்.

அவர் வேலை பார்த்தது இரும்பு பீரோ செய்கிற பட்டறையில். தட்டையாக வரும் தகட்டின் ஓரங்களை மடித்துக் கொடுப்பது அவர் மிஷின். அதனால் தெருவிலும் பட்டறையிலும் அவர் மடிப்புக்காரர். பெரிய தகட்டை ஓர் ஆளால் பிடிக்க முடியாது. இந்தப் பக்கம் இவர் நிற்பார், அந்தப் பக்கம் எதிர்ப்பிடிக்கு ஒருவர் நிற்பார். எதிர்ப்பிடிக்காரர் தகட்டைக் கோட்டில் சேர்த்து வைத்துவிட்டு, கையை எடுத்துக்கொண்டு, "ஆச்சு" என்று குரல் கொடுக்க வேண்டும். குரல் வந்த பிறகு இவர் காலால் பெடலை மிதிக்க வேண்டும். நடுவில் தகடு நழுவினால் "இரு" என்று கத்துவார், இவர் நிற்க வேண்டும். ஒரு பீரோவுக்கு இப்படி எத்தனையோ மடிப்பு.

சுற்றிலும் சுத்தியல், அரவை மிஷின், தகடு தரையில் விழுகிற ஓசை. அங்கே பேசுவது என்றாலே கத்துவதுதான். காதில் வைத்துக்கொள்ள எல்லோருக்கும் ரப்பர் அடைப்பு கொடுத்திருந்தார்கள். பெயின்டர் வைத்துக்கொள்ளலாம், பூட்டு பொருத்துகிறவர் வைத்துக்கொள்ளலாம். மடிப்புக்காரர் மட்டும் வைக்க முடியாது. காதை அடைத்தால் எதிர்ப்பிடியின் குரல் விழாது, அடைக்காவிட்டால் கொஞ்சம் கொஞ்சமாகக் காதே போகும். அடுத்தவன் விரலா, தன் காதா என்று யாரும் அவரை உட்கார வைத்துக் கேட்கவில்லை. அவராகவே அந்த அடைப்பை டப்பாவோடு ஆணியில் மாட்டிவைத்துவிட்டு வேலை பார்த்தார்.

வீட்டுக்கு வந்தும் அதே குரல்தான். உப்பு கேட்டாலும் கத்துவார்.

"நான் என்ன அடுத்த ஊர்லயா இருக்கேன்?" என்பாள் மனைவி. அவள் பேக்கரியில் ரொட்டிக்கு உறை போடுகிறவள். மத்தியானத்துக்குள் வேலை முடிந்து வீட்டுக்கு வந்துவிடுவாள்.

அந்த ரெக்கார்டு அவர்களுக்குக் கல்யாணமான புதிதில் வந்தது. ஒரு பெரிய வீட்டில் புது பீரோக்களை இறக்கிவிட்டு, பழையதைக் கழிவு இரும்பாகத் தூக்கி வந்தார்கள். பட்டறையில் திறந்து பார்த்தால், அடித்தட்டில் ஒரு ரெக்கார்டு பிளேயர் பெட்டி, இரண்டு ஸ்பீக்கர், உறையோடு ஒரு ரெக்கார்டு. திருப்பிக் கொடுக்கப் போனார். அந்த வீட்டு மனிதர் வாசலிலேயே நின்று, "எங்கப்பாவோடது. அவரே போயிட்டாரு. நீங்களே வச்சுக்குங்க" என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

உறையில் நடுக்கடலில் ஒரு நாற்காலி போட்டிருந்தது. நாற்காலிமேல் ஒரு மீன் தொட்டி, தொட்டிக்குள் ஒரு நிலா. கடலுக்கு ஆரஞ்சு நிறம், வானத்துக்குக் கத்தரிப்பூ நிறம். எழுத்தெல்லாம் மெழுகு உருகி வழிகிறாற்போல. அது எந்த பாஷை என்று இருவருக்கும் தெரியவில்லை.

மோட்டார் ஓடியது, தட்டு சுற்றவில்லை. மோட்டாரின் கழுத்தில் இருந்து பெல்ட்டை ஓட்ட வேண்டிய சின்னச் சக்கரத்தை, அந்தப் புல்லியை, காணோம். மடிப்புக்காரருக்கு இது ஒரு வேலையா? மெல்லிய தகட்டைச் சுருட்டி, ஈயம் வைத்து ஒட்டி, கண்ணளவாக ஒரு புல்லி செய்து மாட்டினார். தட்டு சுற்றியது. ஆனால் அந்தப் புல்லி இருக்க வேண்டிய பருமனுக்கு ஒரு நூலளவு சின்னது. புல்லி சின்னதானால் தட்டு மெதுவாகச் சுற்றும், பாட்டு இழுத்துக்கொண்டு, குரல் கனத்து வரும். அது அவருக்கு எப்படித் தெரியும்? அந்தப் பாட்டை வேறெங்காவது கேட்டிருந்தால்தானே. மெதுவாகச் சுற்றிய தட்டு எதைப் பாடியதோ அதுதான் அவர்களுக்குப் பாட்டு.

முதல் தடவை அவள் காதைப் பொத்திக்கொண்டாள்.

"என்னங்க இது, யாரோ பாத்திரத்தைத் தரதரன்னு இழுத்துட்டுப் போற மாதிரி இருக்கு."

"இரு, இரு. உள்ள ஒருத்தன் வர்றான் பாரு."

வந்தான். ஓசையெல்லாம் பின்னாலிருந்து முன்னால் ஓடிவந்து, தொட்டியிலிருந்து சிந்திய தண்ணீர் மறுபடி தொட்டிக்கே ஏறுவது போல ஒன்றுசேர, அதற்கு நடுவிலிருந்து பாடுகிறவன் வந்தான். இடது ஸ்பீக்கரில் தொடங்கி, சுவரோரமாக நடந்து வலது ஸ்பீக்கருக்குப் போய், அங்கே கொஞ்சம் நின்று, திரும்பவும் இடது பக்கம் வந்தான். அவள் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அறையில் ஒருத்தரும் இல்லை.

"எதையோ தேடறான்" என்றாள்.

"செருப்பைத் தேடறான். யாரோ மாத்திப் போட்டுட்டுப் போயிட்டாங்க."

"செருப்புக்கா இவ்வளவு அழுவான்? வீட்டு அட்ரஸ் மறந்துட்டான்."

இப்படியே ஆளுக்கொரு கதை சொல்லி அந்த ரெக்கார்டு முழுவதையும் இருவரும் தங்களுக்கென்று எழுதிக்கொண்டார்கள். முதல் பக்கத்தில் மூன்று பாட்டு. மூன்றாவதில், கொட்டு மட்டும் தனியாக ஓடும்போது பின்னால் யாரோ இருமுவது கேட்கும். "இவனுக்குச் சளி இன்னும் போகல" என்று அவள் ஒவ்வொரு தடவையும் சொல்வாள், அவர் ஒவ்வொரு தடவையும் சிரிப்பார். இரண்டாம் பக்கம் முழுவதும் ஒரே பாட்டு. ஆர்கன் மெல்ல மெல்ல ஊறி அறை முழுக்க நிரம்பும். ஈரத்துணியைப் பிழிவது போல கிட்டாரைப் பிழிவார்கள். எல்லாம் ஏறி ஏறி இனிமேல் தாங்காது என்கிற இடத்துக்கு வந்ததும் ஒவ்வொருத்தராக எழுந்து போவார்கள். முதலில் கொட்டுக்காரன், பிறகு கிட்டார், பிறகு பாடுகிறவன். ஆர்கன் மட்டும் ஒற்றைச் சுரத்தைப் பிடித்துக்கொண்டு தனியாக நிற்கும். பிறகு அதுவும் போகும்.

அதோடு முடிந்தது என்று அவர் ஊசியைத் தூக்கப் போனபோது அவள்தான் கையைப் பிடித்தாள்.

"எடுக்காதீங்க. இன்னும் இருக்கு."

இருந்தது. எல்லோரும் போன பிறகு, யாரோ கண்ணாடித் தம்ளரில் ஸ்பூனால் மூன்று தடவை தட்டினார்கள். மெல்லிசாக, எங்கோ தூரத்தில்.

"டீ கலக்கறான்" என்றார் அவர்.

"இல்ல. போனவங்களைக் கூப்பிடறான்" என்றாள் அவள்.

அன்றிலிருந்து வாராவாரம் விடுமுறை நாள் மத்தியானம் அவர் வீட்டில் அந்த ரெக்கார்டுதான். அவர் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வார். அவள் தரையில் படுத்துக் காலைத் தூக்கிச் சுவரில் வைத்துக்கொள்வாள். அந்த நேரத்தில் யாரும் கதவைத் தட்டக்கூடாது. குழந்தை இல்லாத வீடு, வேறு எந்த ஓசையும் இல்லை. வாரம் முழுக்க இரும்பு கத்துகிற காதுக்குள் அந்த ஓசைகள் ஒன்றன்மேல் ஒன்றாக, இடிக்காமல், ஒன்றுக்கொன்று வழிவிட்டுப் போகும். சத்தம் என்றால் இப்படியும் இருக்கலாம் என்று அவருக்கு அது ஒன்றுதான் சொன்னது. அதை வெளியில் சொன்னால் யார் கேட்பார்கள்?

எதிர்வீட்டு அம்மா கேட்கவில்லை. ஒருநாள் வழியிலேயே மடக்கினார்.

"ஏன் தம்பி, வாரா வாரம் அந்தப் பேயைத்தான் ஓட்டணுமா? வேற பாட்டே கிடையாதா உங்ககிட்ட?"

"இதையே இன்னும் முழுசாக் கேட்டு முடிக்கலையேம்மா."

"இருபது வருஷமாவா?"

"மெதுவாத்தானே கேக்கறேன்."

அந்த அம்மா தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். ஆனால் சும்மா சொல்லக்கூடாது, அப்போதெல்லாம் அவருக்கு இவர்மேல் கோபம்தானே தவிர பகை இல்லை.

காது எப்போது போக ஆரம்பித்தது என்று யாருக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. காது போவது பல் போவது மாதிரி இல்லை, விழுந்ததைக் கையில் எடுத்துப் பார்ப்பதற்கு. மனைவி தண்ணீர் வேண்டுமா என்று கேட்டால், "நாளைக்கு" என்று பதில் வரும். அவள் முதலில் சிரித்தாள். பிறகு தோளைத் தொட்டுப் பேசினாள். பிறகு, சின்னச் சின்ன விஷயங்களைச் சொல்வதையே விட்டுவிட்டாள். பேக்கரியில் இன்றைக்கு ஒருத்தி கேக்கின்மேல் உட்கார்ந்துவிட்டாள் என்பது போன்ற கதைகளைக் கத்திச் சொல்ல முடியுமா? கத்தினால் அதில் இருக்கிற சிரிப்பு போய்விடுகிறது. இப்படித்தான் அந்த வீட்டில் பேச்சு குறைந்தது. சண்டை போட்டுக் குறையவில்லை.

"டாக்டர்கிட்ட காட்டலாங்க."

"எனக்கென்ன? நல்லாத்தான் கேக்குது."

"எது கேக்குது?"

அவர் ரெக்கார்டு பெட்டியைக் காட்டுவார். "என் டாக்டர் அங்க இருக்காரு. ஸ்பூன் சத்தம் கேக்கற வரைக்கும் எனக்கு ஒண்ணும் இல்ல."

அது பொய் இல்லை. அவருக்கு அது கேட்டுக்கொண்டுதான் இருந்தது. பாடுகிறவன் இடது பக்கம் போனால் கொஞ்ச நேரம் ஆளைக் காணோம், அது வாஸ்தவம். ஆனால் அந்த ஸ்பூன், மூன்று தடவையும், வாராவாரம் கேட்டது. காது கெடும்போது கீச்சுக் குரல்கள்தான் முதலில் போகுமாம், கனத்த குரல்கள் கடைசி வரைக்கும் நிற்குமாம். அவர் செய்த அந்தச் சின்னப் புல்லி ரெக்கார்டு முழுவதையும் இழுத்துக் கனமாக்கி, ஸ்பூன் ஓசையைக்கூடக் கொஞ்சம் கீழே இறக்கி, அவர் காதுக்கு எட்டுகிற இடத்தில் கொண்டுவந்து வைத்திருந்தது. இது யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் மச்சினன் அந்தப் பெட்டியில் கை வைத்திருக்க மாட்டான்.

மச்சினன், அதாவது மனைவியின் தம்பி, ஃபேன் ரிப்பேர் பார்க்கிறவன். அக்கா வீட்டுக்காரர்மேல் உயிர். ஒரு விடுமுறை நாளில் வந்தவன் பாட்டைக் கேட்டுவிட்டு, கைபேசியை நோண்டிக்கொண்டே இருந்தான்.

"மாமா, இது உங்க பாட்டுதானே? இதுல வேற மாதிரி ஓடுது. உங்க பெட்டி தூங்கி வழியுது மாமா."

பிறகு ஒருநாள், அவர் பட்டறையில் நின்று களைத்து வந்து உறங்குகிற நேரமாகப் பார்த்து அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான். பழைய சாமான் கடைகளில் அலைந்து சரியான புல்லியும் புது பெல்ட்டும் பிடித்தான். ஸ்பீக்கருக்குள் இருந்த தூசியைத் தட்டினான். தகரப் புல்லியைக் கழிவுக் கூடையில் எறிந்தான். அடுத்த வாரம் பெட்டியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, பரிசு கொடுத்தவன் முகம் எப்படி இருக்குமோ அப்படி நின்றான்.

ஊசியை வைத்தார்கள். பாடுகிறவன் ஓடினான். நடக்கவில்லை, ஓடினான். குரல் இளைத்துவிட்டது. இருமுகிறவனுக்கு வயது குறைந்துவிட்டது. ஆர்கன் ஊறவில்லை, சட்டென்று வந்து நின்றது.

"இப்பத்தான் மாமா உண்மையான பாட்டு. இதுக்குப் பேரு சைகடெலிக் ராக். போதை ஏத்திக்கிட்டு கேக்கறதுக்குன்னே அந்தக் காலத்துல போட்டது. கஞ்சா பாட்டு மாமா, தெரியாமலே கேட்டுட்டு இருந்திருக்கீங்க."

காது கேட்காதவரிடம் பேசுகிறோம் என்று கத்திச் சொன்னான். எதிர்வீட்டு அம்மா வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். கஞ்சா எங்கிருந்து முளைத்தது என்று இப்போது தெரிகிறதா?

இரண்டாம் பக்கம் முடிந்தது. எல்லோரும் போனார்கள். ஆர்கனும் போனது. அவர் காத்திருந்தார். மனைவி சிரித்தபடி, "கேட்டுச்சா?" என்று கையால் தட்டிக் காட்டினாள். ஊசி நடுவில் போய்ச் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது.

"கேட்டுச்சு" என்றார் அவர். அதுதான் அவர் வாழ்க்கையில் அவளிடம் சொன்ன முதல் பொய் என்று வைத்துக்கொண்டாலும் தப்பில்லை.

மறுநாளே போய் மச்சினன் கடைக் கூடையைக் கிளறினார். கூடை காலியாகிவிட்டிருந்தது. பட்டறையில் மிச்சத் தகட்டில் ஒரு புல்லி செய்தார். மாட்டிப் பார்த்தால் பாட்டு படுத்துக்கொண்டது. இன்னொன்று செய்தார், பாட்டு முன்னைவிட வேகமாக ஓடியது. அந்தக் காலத்தில் கண்ணளவாக, அளவு தெரியாமல் செய்தது. தெரியாமல் செய்ததைத் தெரிந்து எப்படிச் செய்வது? சரியா தப்பா என்று சொல்ல வேண்டிய காதுதான் போய்க்கொண்டிருக்கிறதே. ஜன்னல் கட்டையில் தகரப் புல்லிகள் வரிசையாகச் சேர்ந்தன.

"இது அதானே? கேட்டுச் சொல்லு" என்று மனைவியை உட்கார வைப்பார்.

"எனக்கு எல்லாம் ஒண்ணாத்தாங்க இருக்கு."

"எப்படி ஒண்ணா இருக்கும்? நீதானே ஸ்பூனைக் கண்டுபிடிச்சவ."

அவள் மறுபடி கேட்பாள். உண்மையாகவே அவளுக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை. மூன்று தட்டு கேட்டால் அவளுக்குப் போதும். கடைசியில் அவர் களைத்துப்போய் மச்சினன் வாங்கி வந்த புல்லியையே மாட்டி வைத்தார்.

பட்டறையில் அவர் வேறு ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். எதிர்ப்பிடிக்காரர் "ஆச்சு" என்று சொல்லும்போது தோள் ஒரு சின்ன இறக்கம் இறங்கும். குரல் விழாவிட்டாலும் தோள் தெரியும். தோள் இறங்கினால் மிதிப்பார். வெகுகாலம் அது பிசகவில்லை. ஒருநாள் பெரிய கதவுத் தகடு. எதிர்ப்பிடிக்காரர் கையை எடுத்தார், தோள் இறங்கியது, தகடு நழுவியது. "இரு, இரு" என்று கத்திக்கொண்டே மறுபடி கையை நீட்டினார். மடிப்புக்காரர் மிதித்தார்.

கையுறையின் நுனி மட்டும் மடிப்புக்குள் போனது. விரல் தப்பியது எப்படி என்று அந்த எதிர்ப்பிடிக்காரருக்கே தெரியாது. தகட்டைப் பிரித்தபோது கையுறைத் துணி அதில் அழுத்தமாகப் பதிந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே மடிப்புக்காரர் நின்றார். பட்டறையே சுத்தியலைக் கீழே வைத்துவிட்டது. அந்த அமைதிகூட அவருக்குப் புதிதாகத் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் ஃபோர்மேன் வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர், கெட்டதைச் சொல்ல வந்தவர் போல நாற்காலி விளிம்பில் உட்கார்ந்தார்.

"மடிப்பு, நேரா கேக்கறேன். உனக்குக் காது கேக்குதா இல்லையா?"

வாயைப் பார்த்தே புரிந்துகொண்டார். "கேக்குது சார். அப்போ அரவை மிஷின் ஓடிச்சு, அதான்."

"அரவை மிஷின் இன்னிக்கு ரிப்பேர்ல இருந்துச்சுய்யா."

"கேக்குது சார். இவளைக் கேளுங்க. வாரா வாரம் ரெக்கார்டு கேக்கறேன். கடைசியில ஸ்பூன் சத்தம் வரும், ஊசி விழற மாதிரி. அதுவே கேக்குது."

ஃபோர்மேன் அவளைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்கம்மா. நீங்க சொன்னா நான் மேல ஒரு வார்த்தை கேக்கல. கேக்குதுன்னா நாளன்னைக்கு மிஷின்ல நிக்கட்டும். இல்லைன்னா வேண்டாம். இன்னொருத்தன் கை அது."

அவள் புருஷனைப் பார்த்தாள். அவர் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். கேக்குது என்று ஒரு சொல் சொன்னால் போதும். அவள் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. "நாளைக்கு லீவுதானே. நாளைக்குச் சாயங்காலம் நானே வந்து சொல்றேங்க" என்றாள். பெண்டாட்டி துரத்தினாள் என்கிறவர்கள் அந்த இரவு அவள் இடத்தில் படுத்துப் பார்த்திருக்க வேண்டும்.

மறுநாள் மத்தியானம் அவரே கேட்டார். "ரெக்கார்டு போடலாமா?"

அவரே ஊசியை வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அவள் படுக்கவில்லை, பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

முதல் பக்கம் எங்கோ இரைச்சலாகப் போனது. துண்டு துண்டாக வந்தது, விட்டது. அவர் முகம் இறுகியே இருந்தது. எழுந்து திருப்பிப் போட்டு, மறுபடி சாய்ந்தார்.

ஆர்கன் தொடங்கியது. அவருக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. அது ஊறியது. பழையபடி, காலடியிலிருந்து மெதுவாக ஊறி அறையை நிரப்பியது. கிட்டார் பிழியப்பட்டது, ஒவ்வொரு சொட்டும் தனித்தனியாக விழுந்தது. பாடுகிறவன் வந்தான். ஓடவில்லை, நடந்தான். கனத்த குரலோடு, சுவரோரமாக. இடது பக்கம் போனான், அங்கேயும் கேட்டது. எத்தனையோ காலமாக அந்தப் பக்கம் போனால் காணாமல் போகிறவன் இன்று அங்கே நின்று ஒரு சொல்லையும் விடாமல் பாடினான். புல்லி எப்படியோ சரியாகிவிட்டது என்று அவர் நினைத்தார். ஒருவேளை காதே சரியாகிவிட்டதோ என்றும் நினைத்தார். கண்ணைத் திறந்தால் கலைந்துவிடும் போலிருந்தது. திறக்கவில்லை. விரல் மட்டும் முழங்காலில் தாளம் போட்டது.

எல்லாம் ஏறியது. தாங்காத இடத்துக்கு வந்தது. கொட்டுக்காரன் எழுந்து போனான். கிட்டார் போனது. பாடுகிறவன் போனான். ஆர்கன் ஒற்றைச் சுரத்தில் நின்றது, வெகு நேரம் நின்றது. அதுவும் போனது.

பிறகு ஸ்பூன். ஒன்று. இரண்டு. மூன்று. பக்கத்து அறையில் தட்டுவது போல அத்தனை தெளிவாக.

"கேட்டுச்சு" என்றார். சிரித்துக்கொண்டே கண்ணைத் திறந்தார். "மூணும் கேட்டுச்சு. இன்னிக்கு எல்லாமே கேட்டுச்சு. போய்ச் சொல்லு அவருகிட்ட."

அவள் கை பெட்டியின் மேல் இருந்தது. ஒலியைக் கூட்டிக் குறைக்கிற பொத்தானின் மேல். பொத்தான் அடி வரைக்கும் திருகியிருந்தது. ஊசி எப்போதோ ரெக்கார்டின் நடுவுக்குப் போய், பாட்டே இல்லாத இடத்தில் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. இரண்டாம் பக்கம் தொடங்கியதிலிருந்தே அவள் அதைத் திருகி வைத்திருந்தாள். அறையில் ஒரு சத்தமும் இருந்திருக்கவில்லை. அவள் அழுதுகொண்டிருந்தாள். அவள் வாய் எதையோ சொன்னது. அவர் அந்த வாயைப் பார்க்கவில்லை, பொத்தானைத்தான் பார்த்தார்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நல்லது, ஒரு சண்டையோடு முடிந்திருக்கும். எழுந்து வந்து ஊசியைத் தூக்கி வைத்தார். ரெக்கார்டைத் துடைத்து உறையில் போட்டார். அவள் கையைப் பொத்தானிலிருந்து மெதுவாக எடுத்து அவள் மடியிலேயே வைத்தார்.

"நீ போய்ச் சொல்லிடு. இல்லைன்னு சொல்லு" என்றார். இவ்வளவு மெதுவாக அவர் பேசி அவள் கேட்டதில்லை. எத்தனை மெதுவாகப் பேசுகிறோம் என்று அவருக்கே தெரியாமல் பேசியது அது.

சட்டையைப் போட்டார். செருப்பை மாட்டினார். கதவைத் திறந்து படியில் இறங்கினார். தெருவில் வெயில் இருந்தது. ஒரு வண்டி போயிற்று, யாரோ வாளியை வைத்தார்கள், எதுவும் அவர்வரைக்கும் வரவில்லை.

அவள் வாசலுக்கு ஓடிவந்து கூப்பிட்டாள். எதிர்வீட்டு அம்மாவே கதவைத் திறந்து பார்க்கிற அளவுக்குக் கூப்பிட்டாள். தெருமுனை திரும்புகிற வரைக்கும் கூப்பிட்டாள்.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை.